ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்

போகி நெருங்குகிறது. அதனால் ஒரு பழைய கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது அவனுக்கு ஏழு வயதில் ஒரு மகள். அவள் பள்ளியில் மறுசுழற்சி தினம் என்று ஆளுக்கு நான்கு காலி பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரச் சொன்னார்களாம். வீட்டில் காலி பாட்டில் இல்லை. இவன் கடைக்குப் போய் நான்கு தண்ணீர் பாட்டில் வாங்கி, தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலி பாட்டிலைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

"எனக்கே சிரிப்பு வந்துடுச்சு டீச்சர். நீங்க வெள்ளிக்கிழமைதோறும் தராசு வச்சு நடத்தினீங்களே, அது எப்படி டீச்சர்?" என்று கேட்டான்.

போனில் சொல்லி முடியவில்லை. தராசுக் கதைக்கு முன்னால் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது மறுசுழற்சி என்ற சொல்லைக் கேட்டதே இல்லை. ஆனால் அந்த வேலை தினமும் நடந்தது. "ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தள்ளுவண்டிக்காரர் தெருவில் குரல் கொடுத்தால் நாங்கள் வாசலுக்கு ஓடுவோம். வளைந்த ஆணி, உடைந்த தாழ்ப்பாள், ஓட்டை வாளியின் பிடி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேர்ப்பது பிள்ளைகளின் வேலை. டப்பா நிறைய மாதக்கணக்கில் ஆகும். நிறைந்தால் ஒரு கை பேரீச்சம்பழம் கிடைக்கும். விடாமுயற்சி என்று யாரும் எங்களுக்குத் தனியாகப் பாடம் எடுக்கவில்லை. அந்த டப்பாவே எடுத்தது.

பழைய செய்தித்தாள் மளிகைக்கடைப் பொட்டலமாகும். பழைய புடவை எவர்சில்வர் பாத்திரமாக மாறும். போன வருடத்துப் பாடப்புத்தகம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும். தேங்காய்ச் சிரட்டை வெந்நீர் அடுப்புக்குப் போகும். மிச்சமிருப்பது காயலான் கடைக்கு. காயல்பட்டினத்துக்காரர்கள் தொடங்கிய வணிகம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது, 1964இல் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் டாங்கி தொழிற்சாலை வந்தது. இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள் முளைத்தன. கடைசலில் விழும் இரும்புச் சுருளை எந்தப் பட்டறையும் குப்பையில் கொட்டாது. மூட்டை கட்டி எடைக்குப் போடும். அது மறுபடி உருகி இரும்பாகும். உங்களில் பலருடைய அப்பாக்கள் அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள். மறுசுழற்சி உங்கள் வீட்டுச் சோற்றிலேயே இருந்தது.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. பால் பாட்டில் போய் பால் கவர் வந்தது. அதையாவது நம் அம்மாக்கள் கழுவிக் காயவைத்து எடைக்குப் போட்டார்கள். கேரி பேக்கை எந்தக் கடையும் எடுக்கவில்லை. எடைக்குப் போக முடியாத பொருள் முதன்முறையாக வீட்டுக்குள் நுழைந்தது. அது தெருமுனைக்குப் போனது, அங்கிருந்து ஏரிக்கும் கால்வாய்க்கும் போனது. சென்னை நகரத்துக் குப்பை கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. நம் பக்கத்துக்கு அத்திப்பட்டும் சேக்காடும்.

அந்தச் சமயத்தில், 1980களின் கடைசியில், எம். பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி சென்னையில் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். யோசனை மிக எளிது. ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம். வீட்டுக்கு மாதம் சிறு தொகை. அதில் ஒரு மூன்று சக்கர வண்டி, அதை ஓட்ட ஒருவருக்குச் சம்பளம். பல தெருக்களில் அதுவரை தொட்டியைக் கிளறிப் பொறுக்கிக்கொண்டிருந்தவரையே அந்த வேலைக்கு வைத்தார்கள். குப்பைக்காரர் என்று அவரைச் சொல்லக் கூடாது. தெருவை அழகுபடுத்துபவர் என்று அவருக்கு ஒரு பெயரே கொடுத்தார்கள். காலையில் விசில் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வாளியோடு நிற்பார்கள். அவர் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியும், பிள்ளைகள் பெயர் அவருக்குத் தெரியும். நம் குப்பை யார் கைக்குப் போகிறது என்று தெரிந்த காலம் அது.

2000இல் சென்னை மாநகராட்சி சில மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்கு விட்டது. தெருமுனையில் பெரிய தொட்டிகள் வந்தன. எந்த நேரமும் எதையும் போட்டுவிட்டு வரலாம். அழுத்தி ஏற்றும் லாரி வரும், போகும். வசதிதான். ஆனால் பல தெருச் சங்கங்கள் அதோடு படுத்துவிட்டன.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991இல் எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்று மத்திய அரசின் விதி 2000இல் வந்தது. அடுத்து தேசிய பசுமைப் படை என்று பள்ளிதோறும் மன்றங்கள் தொடங்கின. நானும் அந்த உற்சாகத்தில் என் நான்காம் வகுப்பில் ஒரு போட்டி வைத்தேன். ஒரே நாள். அதிக எடை பழைய தாள் கொண்டுவரும் பெஞ்சுக்குப் பரிசு.

என்ன நடந்தது தெரியுமா? ஒரு பெண் எழுதாத நோட்டைக் கிழித்துக் கொண்டு வந்தாள். ஒரு பையன் அப்பாவுடைய வீட்டு வரி ரசீதுகளையே கொண்டு வந்துவிட்டான். வீட்டில் செய்தித்தாள் வாங்குகிற பிள்ளைகள் ஜெயித்தார்கள். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் வெறும் கையோடு நின்றார்கள். மறுவாரம் வகுப்பறை மூலையில் பழையபடி குப்பை. தண்ணீரைக் கொட்டிவிட்டு பாட்டிலை அனுப்பிய என் மாணவனைப் பார்த்து நான் சிரிக்க முடியாது. அந்தத் தவறை முதலில் செய்தவள் நான்.

அடுத்த பருவத்தில் மாற்றினேன். பரிசு கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் ஒரு தராசு. வீட்டிலிருந்து வாங்கி வரக் கூடாது, நம் வகுப்பிலும் நம் தெருவிலும் சேர்ந்தது மட்டும். ஒவ்வொரு பெஞ்சும் தன் எடையைத் தானே போட்டு நோட்டில் எழுத வேண்டும். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பூஜ்யம்தான் பெரிய ஆசிரியர். திட்டாமலே வேலை வாங்கியது. மழை வாரம், தேர்வு வாரம், தீபாவளி வாரம் எல்லாவற்றிலும் நோட்டு திறந்தது. மூன்றாம் மாதம் எல்லோருக்கும் சலிப்பு வந்தது, எனக்கும்தான். ஆனாலும் திறந்தோம். வருடக் கடைசியில் சேர்ந்த காசில் வகுப்புக்கு ஒரு தமிழ் அகராதியும் இரண்டு ஸ்கிப்பிங் கயிறும் வேண்டும் என்று நீங்களே கை தூக்கி முடிவு செய்தீர்கள். நினைவிருக்கிறதா?

இதுவரை சொன்னதைப் பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது இனிமேல் வருவது.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் பார்த்து நான் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. "படிக்கலைன்னா குப்பை பொறுக்கத்தான் போவே." வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வருடமும் ஒரு பையனிடம் சொன்னேன். அவன்தான் வெள்ளிக்கிழமை தராசு பிடிப்பவன். முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். அடுத்த வெள்ளி அவன் தராசைத் தொடவில்லை. அவன் பெஞ்சு பூஜ்யம் என்று எழுதியது. அதற்கடுத்த வாரமும் பூஜ்யம்.

தாள் எடுக்க வரும் பேப்பர்காரர்தான் சொன்னார். "அந்தப் பையனோட அப்பா நம்ம ஆளுதாம்மா. ட்ரைசைக்கிள் ஓட்டுறாரு."

ஆசிரியர் பயிற்சியில் நான் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியைப் படித்தவள். 1937இல் வார்தா மாநாட்டில் வைத்த கொள்கை அது. கைவேலை வழியாகவே படிப்பு, உழைக்கும் கைக்கு மரியாதை. தேர்வில் அதற்குப் பக்கம் பக்கமாக விடை எழுதியிருக்கிறேன். வகுப்பில் ஒரு கையால் தராசு பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த உழைப்பையே காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறேன்.

உடனே திருத்திக்கொண்டேன் என்று சொன்னால் பொய். சின்னப் பையனிடம் டீச்சர் மன்னிப்புக் கேட்பதா என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு அந்த அப்பாவை வகுப்புக்கு வரச் சொன்னேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். முதலில் எல்லோர் முன்னாலும், நான் சொன்னது தப்பு என்று அவரிடமும் பையனிடமும் சொன்னேன். அவர் பதறி, "பரவால்ல விடுங்கம்மா" என்றார்.

அப்புறம் அரை மணி நேரம் அவர்தான் பாடம் நடத்தினார். எந்தப் பிளாஸ்டிக் எந்த ரகம் என்று கசக்கிப் பார்த்து, தட்டிச் சத்தம் கேட்டுச் சொன்னார். நனைந்த தாளுக்கு ஏன் விலை இல்லை என்று விளக்கினார். கடைசியில் விரலில் இருந்த வெட்டுக்காயத் தழும்புகளைக் காட்டி, "உடைஞ்ச கண்ணாடிய அப்படியே போடாதீங்க கண்ணுங்களா. பேப்பர்ல சுத்தி, மேல கண்ணாடின்னு எழுதிப் போடுங்க" என்றார்.

அந்த வாரம் அவர் மகனின் பெஞ்சு நோட்டில் எழுதியது 1 கிலோ 200 கிராம். தராசை யார் பிடித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019இல் ஆவடியே மாநகராட்சியானது. 2015 வெள்ளத்தில் வடிகால்களை அடைத்துக்கொண்ட பிளாஸ்டிக்கை நாம் கண்ணால் பார்த்தோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப்பட்டது 2016இல் வந்த திடக்கழிவு விதிகள். குப்பை பொறுக்குபவர்களை உள்ளாட்சிகள் அடையாளம் கண்டு வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நான் வகுப்பில் பயமுறுத்தலாகச் சொன்ன வேலையைச் சட்டம் மதிப்போடு எழுதியது.

உலகத்திலும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. பிரேசில் நாட்டுக் குரிச்சிபா நகரத்தில் 1991 முதல் நான்கு கிலோ மறுசுழற்சிப் பொருளுக்கு ஒரு கிலோ காய்கறி, பழம் கொடுத்தார்கள். நம் பேரீச்சம்பழ வண்டிதான், மாநகராட்சி நடத்தியது! அசாமில் குவாஹாத்திக்குப் பக்கத்தில் பாமோஹியில் அக்ஷர் என்ற பள்ளி 2016இல் தொடங்கியது. அங்கே பள்ளிக் கட்டணமே வாரத்துக்கு 25 பிளாஸ்டிக் பொருட்கள். குளிருக்குப் பிளாஸ்டிக்கை எரித்துக் கொண்டிருந்த ஊரில் அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளை வைத்தே மாற்றினார்கள். இரண்டு இடத்திலும் அது ஒருநாள் விழா இல்லை. வாரம் தவறாத வேலை.

போன் செய்த மகனுக்கு என் பதில். ஒரு சின்னத் தராசு வாங்கு. ஒரு நோட்டுப் போடு. ஒன்றுமில்லாத வாரத்தில் பூஜ்யம் என்று உன் மகளையே எழுதச் சொல். மக்கும் குப்பை, மக்காத குப்பை, கண்ணாடி மூன்றையும் அவள் கையாலேயே பிரிக்கட்டும். உங்கள் தெருவுக்கு வண்டி கொண்டுவருபவரின் பெயரைக் கேட்டு, பெயரோடு அண்ணா, அக்கா என்று கூப்பிடப் பழக்கு. ஒரு மாதத்தில் சலிப்பு வரும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது, விட்டுவிடாதே. நான் வகுப்பு மாறிப் போனதும் அந்த நோட்டும் நின்றுபோனது. நாலு பேர் கைக்கு அதை மாற்றிவிட்டு வந்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை. நீ செய்.

இந்தப் போகிக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தாமதமாயின. பழையதைத் தனியே கட்டி வண்டிக்காரரிடம் கொடுங்கள்.

உங்களில் எத்தனை பேரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. கேட்டவர்கள் மன்னித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாதீர்கள்.

தராசு பிடித்த அந்தப் பையனும் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன். நன்றாக இரு கண்ணா. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்