ஒரு மரபணு, ஆறு பெயர்கள்

ஒரே பிழைக்கு ஆளாளுக்கு ஒரு டிக்கெட் போடுவது எங்கள் மென்பொருள் தொழிலில் தினசரி நடக்கிற கூத்து. உயிரியலிலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1990களில் ஈஸ்டின் ஒரே மரபணுவை வெவ்வேறு ஆய்வகங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஆறு பெயர் வைத்தன. கொஞ்ச நாளாக அந்தப் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அடிப்படை. நம்ம செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டும்தான். பூஞ்சைக்கு அதற்கு வெளியே கெட்டியான சுவரும் உண்டு. அந்தச் சுவருக்குக் கம்பி மாதிரி இருப்பது பீட்டா-1,3-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி. அதைக் கட்டவிடாமல் செய்தால் பூஞ்சை உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கும். நமக்குச் சுவரே கிடையாது, அதனால் நமக்குச் சேதம் குறைவு. மருந்து தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இலக்கு வேண்டுமா?

1974இல் எக்கினோகேண்டின் என்ற பொருள் கிடைத்தது. குளுக்கான் உற்பத்தியை அது நிறுத்துகிறது என்பதும் பிறகு தெரிந்தது. ஆனால் அது போய் அடிக்கிற புரதம் எது, அதற்கான மரபணு எது? விடை வர 20 வருஷம் ஆனது.

ஈஸ்டின் முழு மரபணுத் தொகுதி வெளியானது 1996இல்தான். அதற்கு முன் பெரும்பாலும் வழி இதுதான்: செல்களில் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, விநோதமாக நடந்துகொள்கிற செல்லைப் பிடித்து, எந்த மரபணு கெட்டது என்று தேடுவது. மெர்க் நிறுவனத்தில் கேமரன் டக்ளஸ் குழுவினர் எக்கினோகேண்டினுக்கு அடங்காத ஈஸ்டைப் பிடித்தார்கள், பெயர் ஈடிஜி1. ஆம்ஸ்டர்டாமில் துணிக்கு வெண்மை தரும் கால்கோஃப்ளூர் சாயத்தால் வாடுகிற ஈஸ்டைத் தேடினார்கள், சிடபிள்யூஹெச்53. ஸ்பெயினில் பாப்புலகேண்டின் மருந்துக்கு அசையாத ஈஸ்ட், பிபிஆர்1. ஜப்பானில் குளுக்கான் நொதியையே நேரடியாகப் பிரித்தெடுத்துப் போனார்கள், ஜிஎஸ்சி1. இன்னொரு குழு வைத்தது சிஎன்டி1. எல்லாம் ஒன்றேதான்!

நிலைத்த பெயர் ஆறாவது: எஃப்கேஎஸ்1. இதில் சுவர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எஃப்கே506 என்பது 1984இல் ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்த மருந்து. இன்று டாக்ரோலிமஸ் என்கிறோம். மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்குவது அதன் வேலை. சாதாரண ஈஸ்டை அது ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த மரபணு கெட்ட ஈஸ்ட் அதற்குப் பொசுக்கென்று போய்விடுகிறது.

ஏன்? இங்கேதான் எனக்குச் சுவாரசியம். ஈஸ்டிடம் எஃப்கேஎஸ்2 என்று ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது, நம்ம பேக்கப் சர்வர் போல. முதலாவது விழுந்தால் இரண்டாவது எழும். அதை எழுப்பிவிடுவது கால்சினியூரின் என்ற புரதம். எஃப்கே506 தடுப்பது அதே கால்சினியூரினைத்தான். முதலாவதும் இல்லை, இரண்டாவதும் எழவில்லை என்றால் சுவர் ஏது?

நோய் உண்டாக்கும் கேண்டிடா அல்பிகன்ஸில் நிலைமை வேறு. அங்கே எஃப்கேஎஸ்1 இல்லாமல் அது பிழைக்காது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காஸ்போஃபங்கின் என்ற எக்கினோகேண்டின் வகை மருந்து குறிவைப்பது அதைத்தான். உறுப்பு மாற்றத்துக்குப் பின் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவருக்குப் பூஞ்சைத் தொற்று பெரிய பயம். அவருக்கு ரத்தத்தில் கேண்டிடா வந்தால், டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் ஏற்றுவது இந்த வகை மருந்தையே. முதல் மருந்தின் பெயரைச் சுமக்கிற மரபணுவை இரண்டாவது மருந்து அடிக்கிறது.

கவலையும் அங்கேயே இருக்கிறது. அல்பிகன்ஸில் இந்தப் புரதம் சுமார் 1,900 அமினோ அமிலம் நீளம். அதில் 645ஆம் இடத்து செரீன் ஒன்று மாறினால் போதும், மருந்துக்குப் பிடி தளர்ந்துவிடும். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து அடையாளம் காணப்பட்டு, இன்று இந்தியா உட்படப் பல நாட்டு மருத்துவமனைகளைப் படுத்துகிற கேண்டிடா ஆரிஸிலும் இதற்கு இணையான 639ஆம் இடத்தில் அதே சங்கதி. கேண்டிடாவுக்குக் கைவசம் உள்ள மருந்து வகைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு எழுத்து மாறினால் அதிலும் ஒரு விரல் மடங்கிவிடும்.