வாய்வழி மருந்தும் வங்க மண்ணும்

கொல்கத்தாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகப் பணியாற்றியவள் நான். லேக் மார்க்கெட் பக்கத்து நம் குடும்பங்களில் யாருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் எனக்கு அழைப்பு வரும். போனதும் முதல் கேள்வி, "சிஸ்டர், ஒரு ஊசி போட்டுடக் கூடாதா?" என்பதுதான். வாயால் கொடுக்கும் மருந்து மட்டம் என்றொரு நினைப்பு நமக்கு. அந்த நினைப்பைப் பொய்யாக்கிய வரலாறு இந்த வங்க மண்ணிலேயே நடந்தது.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தனர். எல்லையோர ஊரான பொன்காவில் காலரா பரவியது. கட்டில் போதாமல் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். கொல்கத்தாவில் நிறுத்துக் கட்டிய பொட்டலங்களை முகாமில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்தார்கள். உறவினர்களே கோப்பையில் பிடித்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது!

இது திடீரென்று முளைத்த யோசனையல்ல. கொல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953லேயே வாய்வழி சிகிச்சை பற்றி எழுதியிருந்தார். குடலில் குளுக்கோஸ் உப்பையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது என்று 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். உப்பின் பின்னால் தண்ணீரும் உடம்பில் சேரும். 1968இல் டாக்காவில் நாலினும் கேஷும் இதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

எளிய மருந்துதானே என்று அலட்சியம் கூடாது. பணிக்கு வந்த புதிதில் ஒரு தாயிடம் பொட்டலத்தைக் கொடுத்து, "ஒரு லிட்டரில் கரையுங்கள்" என்று அரைகுறை வங்காளத்தில் சொல்லி அனுப்பினேன். அவள் முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளரில் கரைத்துவிட்டாள். மறுநாள் குழந்தை தீராத தாகத்தோடும் சிடுசிடுப்போடும் வந்தது. உப்பு ஏறிவிட்டிருந்தது. பிழைத்தது, ஆனால் தவறு என்னுடையது. அன்றிலிருந்து, "நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்காமல் யாரையும் அனுப்பியதில்லை.

சரியான ஆள், மருந்து, அளவு, நேரம், வழி என்று எங்களுக்குப் படிப்பித்த ஐந்தும் வீட்டுக்கும் பொருந்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கணும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 2002இல் உலக சுகாதார நிறுவனம் அளவை மாற்றிவிட்டதால், 1971 கணக்கை வீட்டில் முயல வேண்டாம். கடைப் பொட்டலமே போதும். குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அங்கே ஊசி தேவையென்றால் போடுவார்கள். மற்ற நேரத்தில், ஒரு லிட்டர் பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரியுங்கள்.