மொசைக் என்றால் அசிங்கம், டெராசோ என்றால் அழகு

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கப்பட்டதாக இருக்கும்: "வீடு கொஞ்சம் பழசுதாங்க, மொசைக் தரை." புரோக்கர் அதை மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொல்வார். அதே ஊரில் புதிதாகத் திறந்த காபிக் கடைக்குப் போனால் சாம்பல் நிறத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி தெறித்த தரை. அதன்மேல் நம் செருப்பும் காபிக் கோப்பையும் தெரிய ஒரு படம் எடுத்துப் போடுகிறோம். அந்தத் தரைக்குப் பெயர் டெராசோ. இரண்டும் ஒரே சரக்குதான். சிமெண்ட், பளிங்குச் சில்லு, பிறகு தேய்ப்பு. ஒன்றைப் பார்த்து முகம் சுளிக்கவும் மற்றதைப் பார்த்து சொக்கவும் நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

நம் வீடுகளில் தரை என்பது நடப்பதற்கு மட்டுமான இடமாக இருந்ததில்லை. உட்கார்ந்தது, சாப்பிட்டது, படுத்தது, பிள்ளை பெற்றது, பிணத்தைக் கிடத்தியது எல்லாம் தரையில். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிற ஊரில் தரையை முதலில் அறிவது கண் இல்லை, கால். மண் தரையைச் சாணம் போட்டு மெழுகியதற்கும் அதுதான் காரணம். மெழுகாவிட்டால் புழுதி கிளம்பும், பாயில் ஒட்டும். அந்த வேலை முழுக்கப் பெண்களுடையது. வெள்ளிக்கிழமை, நல்ல நாள் என்றால் கட்டாயம்.

இந்த இடத்துக்குத்தான் சிமெண்ட் வந்தது. 1904இல் மதராஸில் ஒரு சிமெண்ட் ஆலை தொடங்கிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் உற்பத்தி ஆரம்பித்த பிறகுதான் உள்நாட்டு சிமெண்ட் நிலைபெற்றது. சிமெண்டோடு இரும்பு ஆக்சைடு பொடியைக் கலந்து பூசினால் சிவப்புத் தரை. பல வீடுகளில் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டையும் ஓடும். நம் பாட்டிகளின் வீட்டில் இருந்த ரெட் ஆக்சைடு தரை இதுதான்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும், செய்வது அப்படி இல்லை. ஒரு அறையை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்திய இடத்தில் கோடு விழும். பூச்சு இறுகுவதற்குள் கரண்டியால் திரும்பத் திரும்ப இழுத்து வழவழப்பாக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் தண்ணீர் மேலே வரும், தாமதித்தால் கரண்டி ஓடாது. எப்போது இழுப்பது என்பது கொத்தனாரின் கைக்குத்தான் தெரியும். பிறகு பல நாள் தண்ணீர் கட்டி வைப்பார்கள். அதற்குப் பிறகும் பளபளப்பு உடனே வராது. வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து, நடந்து நடந்து வருவது அது. குறையும் உண்டு. ஒருமுறை வெடிப்பு விட்டால் ஒட்டுப்போட்ட இடம் தனி நிறமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் இருந்த இடத்தில் கதை வேறு. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து பளிங்கும், ஐரோப்பாவிலிருந்து பூ வேலை செய்த ஓடுகளும் கப்பலில் வந்தன. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஆத்தங்குடியில் அந்த மாதிரிப் பூக்களை உள்ளூர் மணலிலும் சிமெண்டிலும் கையாலேயே வார்த்தார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்பக்கம் மணலும் சிமெண்டும் நிரப்பிக் காயவைப்பார்கள். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறியே கல் இறுகும். அதன் மினுமினுப்பு அடியில் இருந்த கண்ணாடி கொடுத்தது.

இப்போது மொசைக்குக்கு வருவோம். வெனிஸ் பகுதியில் பளிங்கு வேலை செய்தவர்கள், மிஞ்சிய சில்லுகளைச் சாந்தில் புதைத்துத் தேய்த்துத் தரை போட்ட வழக்கத்திலிருந்து வளர்ந்தது டெராசோ. கழிவிலிருந்து பிறந்த தரை. இத்தாலியின் ஃப்ரியூலி பகுதித் தொழிலாளர்கள் இந்தத் தொழிலைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றினார்கள். அவர்களுடைய ஸ்பிலிம்பெர்கோ ஊரில் மொசைக் கலைக்கென்றே 1922இல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதே 1922இல் பம்பாயில் பாரத் ஃப்ளோரிங் டைல்ஸ் தொடங்கியது. வெளிநாட்டு ஓட்டுக்கு மாற்றாகச் சுதேசி சிமெண்ட் ஓடு என்பது அதன் நோக்கம். ஹாலிவுட்டில் நட்சத்திரப் பெயர்கள் பதித்த நடைபாதை இருக்கிறதே, அதுவும் டெராசோதான்.

தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் இதற்கு மொசைக் என்றே பெயர் நின்றுவிட்டது. அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை மொசைக் போட்ட வீடு என்றால் வசதியான வீடு. காரணம் உண்டு. அன்று சிமெண்ட் நினைத்தவுடன் கிடைக்கிற பொருள் இல்லை, விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982இல் அது பாதி தளர்ந்தது, 1989இல் முழுதாக நீங்கியது. அப்படிப்பட்ட காலத்தில் சிமெண்டை வாங்கி, சில்லை வாங்கி, மிஷின் வைத்துத் தேய்ப்பது லேசான காரியமில்லை. மிஷின் ஓடினால் தெருவுக்கே கேட்கும். சாம்பல் நிறச் சேறு வழிந்தோடும். மிஷின் எட்டாத மூலைகளையும் படிக்கட்டுகளையும் ஒருவர் குத்துக்காலிட்டுக் கையால் தேய்க்க வேண்டும். கடைசியில் ஆக்சாலிக் அமிலம் போட்டு மெருகேற்றுவார்கள். முட்டியும் முதுகும் போகிற வேலை.

அப்புறம் ஏன் அசிங்கமானது? தரை மாறவில்லை, அது போய்ச் சேர்ந்த இடம் மாறியது. அரசு அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என எல்லா இடத்திலும் புள்ளித் தரை வந்தது. வரிசையில் நின்ற இடத்தின் தரை நம் வரவேற்பறையிலும் இருந்தால் பெருமை எங்கே? பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட ரசனை பற்றிய நூலில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: நம் ரசனை பொருளைப் பற்றிச் சொல்வதைவிட, நாம் யாரிடமிருந்து விலகி நிற்க விரும்புகிறோம் என்பதைச் சொல்கிறது. எல்லோருக்கும் எட்டியதும் அசிங்கம். எல்லோரும் கைவிட்டதும் அழகு.

அந்த இடைவெளியில் விட்ரிஃபைட் டைல்ஸ் வந்தது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்து 1200 டிகிரி அளவில் சுடுவதால் அது தண்ணீரை 0.5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். குஜராத்தின் மோர்பி ஊரிலிருந்து லாரி லாரியாக வந்திறங்கியது. ரெண்டுக்கு ரெண்டு அடி கல், அட்டைப்பெட்டியில் வரும், சில நாளில் ஒட்டிவிடலாம். கறை பிடிக்காது, ஒரு இழுப்பில் துடைத்துவிடலாம். இதைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ரெட் ஆக்சைடு தரையைப் பார்த்து நாம் உருகும்போது, அந்தப் பளபளப்பை யார் முட்டிபோட்டுக் கொண்டுவந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். புது டைல்ஸைப் பார்த்து அம்மாக்கள் சந்தோஷப்பட்டதில் நியாயம் இருந்தது.

இழப்பு வேறு இடத்தில் நடந்தது. ரசனைக்கு முப்பது வருஷம் என்பது ஒரு சுற்று. போனது திரும்பி வரும். கொத்தனாருக்கு முப்பது வருஷம் என்பது தொழில் வாழ்க்கை முழுவதும். "வேண்டாம்" என்று நாம் சொன்ன அந்த வருஷங்களில் அவர் டைல்ஸ் ஒட்டப் போனார், பிள்ளைக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை. இப்போது "ரெட் ஆக்சைடு வேணும்" என்று கட்டடக் கலைஞர்கள் கேட்கும்போது செய்யத் தெரிந்த கை அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் கூலி அதிகம். ஒரு காலத்தில் சாதாரண வீட்டின் தரை, இன்று பணக்காரரின் விருப்பம். மொசைக்குக்கு இன்னும் வேடிக்கையான முடிவு: விட்ரிஃபைட் கல்லின்மேல் டெராசோ புள்ளிகளை அச்சடித்து விற்கிறார்கள். சில்லும் இல்லை, தேய்ப்பும் இல்லை, புள்ளி மட்டும் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இன்று வீடெங்கும் பளபளக்கிற வெள்ளை விட்ரிஃபைட் தரையும் ஒருநாள் "ஐயோ, அந்தக் காலத்து டைல்ஸ்" ஆகும். அன்று மேலே அச்சடித்த கல்லைத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது, உடைத்துக் கொட்டத்தான் வேண்டும். மொசைக் அப்படியில்லை. சில்லு மேலிருந்து கீழ்வரை இருப்பதால் மெல்லியதாக ஒரு சுற்று தேய்த்தால் புது முகம் வந்துவிடும். புதுத் தரை போடும் செலவை நினைத்துக் கவலைப்படுகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பல வீடுகளில் உடைக்கச் சோம்பல்பட்டு, பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கதவின் அடிப்பகுதியைக் கொஞ்சம் அறுத்திருக்கிறார்கள், வாசல்படி உயரம் குறைந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் கதவு அப்படி அறுபட்டிருந்தால், கீழே மொசைக் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.