திருப்பிக் கொடுத்த மண்

கிணறு வெட்டுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலே இரண்டு முழம் வரை வருகிற மண்ணைத் தனியாக ஒரு பக்கம் குவிக்க வேண்டும். அதற்குக் கீழே வருவதை மறுபக்கம் கொட்ட வேண்டும். என் சிறு வயதில் கொல்லையில் கிணறு வெட்டியபோது, இரண்டும் மண்தானே, இதில் என்ன ஜாதி வித்தியாசம் என்று தாத்தாவைக் கேட்டேன். "மேல் மண் சோறு போடும், அடி மண் சுவர் வைக்கத்தான் ஆகும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை அமெரிக்க தேசம் சட்டமாக எழுதிக் கொள்வதற்கு 1977ஆம் ஆண்டு வரை ஆயிற்று. எழுதிக் கொண்ட பிறகும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒஹையோ மாகாணத்தின் தென்கிழக்கு மூலை முழுவதும் மேடும் பள்ளமுமான பூமி. நடுவே மஸ்கிங்கம் நதி ஓடுகிறது. அதன் கரையில் ஜேன்ஸ்வில் என்று ஓர் ஊர். கௌபாய் நாவல்கள் எழுதிக் குவித்தாரே ஜேன் கிரே, அவர் 1872இல் பிறந்தது அங்கேதான். ஊரை உண்டாக்கிய குடும்பத்தின் வழியில் வந்தவர் அவர். ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது நாவல் அல்ல, களிமண். ஜாடிகளும் ஓடுகளும் பூந்தொட்டிகளும் செய்து செய்து, 'களிமண் நகரம்' என்றே அது அழைக்கப்பட்டது.

களிமண் இருந்த இடத்திலேயே நிலக்கரியும் இருந்தது. இது தற்செயலான பொருத்தம் அல்ல. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே சதுப்பு நிலக் காடுகள் இருந்தன. மடிந்து விழுந்த மரங்கள் கரியாயின. அவை வேர் ஊன்றியிருந்த சேறு கரிக்கு அடியில் களியாக இறுகியது. பிறகு அதன்மேல் வந்து படிந்த சேறும் மணலும் பாறையாயின. ஆக, அந்த மேட்டு நிலத்தில் கரியை எடுக்க வேண்டுமானால், அதன் தலைமேல் இருக்கிற காட்டையும் மண்ணையும் பாறையையும் முதலில் தூக்கியாக வேண்டும்.

தூக்குவதற்கு 1969இல் ஓர் அசுரன் வந்து சேர்ந்தான். 'பிக் மஸ்கி' என்று பெயர். உயரம் 222 அடி. அவனுடைய இரும்பு வாளி ஒரே அள்ளலில் 220 கன கஜம், அதாவது 325 டன் மண்ணை அள்ளும். இரண்டு பஸ்களைப் பக்கம் பக்கமாக அந்த வாளிக்குள் நிறுத்தலாம். ஆகாரம் மின்சாரம். கரியைத் தோண்ட மின்சாரம், மின்சாரம் செய்யக் கரி என்று சக்கரம் சுழன்றது. 1991இல் ஓய்ந்து நிற்பதற்குள் அவன் புரட்டிப் போட்டது 60 கோடி கன கஜத்துக்கு மேல். அதன் பயனாக வெளிப்பட்ட கரி இரண்டு கோடி டன்னுக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு டன் கரிக்கு முப்பது கன கஜம் மண்!

அந்த மண் என்ன ஆயிற்று? பழைய நாட்களில் அதைக் கேட்பாரே இல்லை. வெட்டினவர்கள் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டு அடுத்த குன்றுக்குப் போய்விட்டார்கள். அடியில் கிடந்த பாறை மேலே வந்தது. மேலே இருந்த மண் எங்கோ ஆழத்தில் புதைந்தது. கந்தகமும் இரும்பும் கலந்த கற்கள் காற்றும் நீரும் பட்டுக் கந்தகத் திராவகத்தைக் கசியவிட்டன. ஓடைகள் துருப்பிடித்த தகரம் போலச் சிவந்தன, மீன்கள் மடிந்தன. மழைக் காலத்தில் குவியல்கள் சரிந்தன. பக்கத்தில் குடியிருந்தவர்களின் முறையீட்டுக்குச் செவிசாய்த்து ஒஹையோ 1972இல் கடுமையான சட்டம் ஒன்றைச் செய்தது. தேசம் முழுவதற்குமான மசோதாவை ஜனாதிபதி போர்டு இரண்டு தடவை தடுத்துவிட்டார். அவருக்குப் பின் வந்த கார்ட்டர் 1977 ஆகஸ்டு 3ஆம் தேதி அதில் கையெழுத்திட்டார்.

நல்ல சட்டம், சந்தேகமில்லை. மேல் மண்ணைத் தனியே எடுத்துக் காப்பாற்றி வைக்க வேண்டும். பள்ளத்தை மூடி, குன்று முன்பு இருந்த வடிவத்துக்குக் கூடியவரை கொண்டுவர வேண்டும். மேல் மண்ணைப் பரப்பிப் பசுமை உண்டாக்க வேண்டும். அதுவரை ஜாமீன் தொகை சர்க்காரிடம் இருக்கும். என் தாத்தா படித்திருந்தால் கைதட்டியிருப்பார்.

சரிவுக்கும் அரிப்புக்கும் பயந்து எல்லோரும் ஒரு காரியம் செய்தார்கள். புல்டோசர்களை மேலும் கீழும் பலமுறை ஓட்டி, நிலத்தை மேஜை போல வழவழவென்று இறுக்கினார்கள். பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. புல் விதைத்தார்கள், புல் முளைத்தது. அதிகாரிகள் திருப்தியடைந்தார்கள். ஜாமீன் திரும்பியது. ஆனால் மரம் வரவில்லை. நட்ட கன்றுகள் குன்றிப் போயின, அல்லது செத்தன.

இங்கேதான் களிமண்ணின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். களிமண் வளமற்றது என்று நினைப்பது தவறு. அதன் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. அத்தனை நுண்ணிய துகள்கள் சேர்ந்திருப்பதால் நீரையும் சத்தையும் மற்ற மண்ணைவிட இறுகப் பற்றிக்கொள்ளும். காட்டில் அந்தத் துகள்களை வேர்களும் மண்புழுக்களும் மக்கிய இலைகளும் பல நூறு ஆண்டுகள் வேலை செய்து சிறுசிறு பொருக்குகளாகச் சேர்த்து வைக்கின்றன. பொருக்குக்கும் பொருக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் காற்று போகிறது, நீர் இறங்குகிறது, வேர் வழி கண்டுபிடிக்கிறது. தோண்டும்போதே அந்தக் கட்டுக்கோப்பு பாதி போய்விடும். ஈரமாக இருக்கையில் யந்திரம் ஏறினால் மிச்சமும் போய்விடும். பிறகு மழை பெய்தால் தண்ணீர் மேலேயே தேங்கும், அல்லது ஓடிவிடும். வெயில் அடித்தால் செங்கல்லாகி வெடிக்கும். வேர் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் தவழும். மேல் மண் திரும்பி வந்தது உண்மை. ஆனால் அதன் மூச்சு திரும்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் வருவதற்கு முன் தாறுமாறாகக் கொட்டிவிட்டுப் போன பழைய குவியல்கள் சிலவற்றில் நல்ல காடு வளர்ந்திருந்தது. கொட்டினவனுக்குப் புண்ணிய எண்ணம் ஒன்றும் கிடையாது. சமன் செய்யச் சோம்பல், அவ்வளவுதான். அதனால் மண் பொலபொலவென்று கிடந்தது. ஆகவே சட்டமே கூடாது என்று சொல்லலாமா? கூடாது. ஓடையில் செத்த மீனும் சரிவுக்கு அடியில் நடுங்கிய வீடும் அதற்குச் சாட்சி. சட்டம் கேட்டது சரி. கேட்டதைக் கொடுத்த விதத்தில்தான் பிசகு.

பிசகிலும் ஒரு நன்மை விளைந்தது. ஜேன்ஸ்வில்லுக்கு அருகே சுரங்கம் முடிந்த சுமார் 10,000 ஏக்கர் நிலத்தைச் சுரங்கக் கம்பெனி 1980களில் தானமாகக் கொடுத்தது. 'தி வைல்ட்ஸ்' என்ற வனவிலங்குக் காப்பகம் அங்கே அமைந்தது. மரமில்லாத அந்தப் புல்வெளியில் காண்டாமிருகங்கள் மேய்கின்றன. உழவினால் புல்வெளிகளை இழந்த ஹென்ஸ்லோ குருவி என்னும் சின்னஞ்சிறு பறவை, ஒஹையோவின் இத்தகைய பழைய சுரங்க நிலங்களில் கூடு கட்டிப் பிழைத்திருக்கிறது.

காடு வேண்டுமென்று விரும்பியவர்கள் 2004இல் சுரங்க இலாகாவும் ஏழு மாகாணங்களும் சேர்ந்து தொடங்கிய முயற்சியில் ஒன்றுகூடினார்கள். அவர்களுடைய விதி எளியது: குறைந்தது நாலடி ஆழத்துக்கு நல்ல மண்ணைப் போடு; இறுக்காதே; புல்லை அடர்த்தியாக விதைத்துக் கன்றை நெரிக்காதே. முன்பே இறுகிவிட்ட நிலங்களில் நீண்ட இரும்புக் கொழுவை இழுத்து ஆழக் கிழித்துவிட்டுக் கன்று நடுகிறார்கள். அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று நம் ஊரில் சொல்வதை அவர்கள் புல்டோசரைக் கொண்டு செய்கிறார்கள்.

பிக் மஸ்கியை 1999இல் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். வாளி மட்டும் சுரங்கத் தொழிலாளரின் நினைவுப் பூங்காவில் இருக்கிறது.

எங்கள் கிணற்றுக் கதையிலும் சிறிது பாக்கி உண்டு. வேலை முடிந்ததும் தனியே வைத்த மேல் மண்ணைத் தாத்தா வாழைப் பாத்தியில் பரப்பினார். புது மண்ணைக் கண்ட சந்தோஷத்தில் நாங்கள் நாலைந்து பிள்ளைகள் அதில் இறங்கிக் குதித்து விளையாடினோம். தாத்தா கோபித்து அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கையில் கம்போடு ஓடி வந்தார்.

"மிதிக்காதீங்கடா!" என்று கத்தினார்.