சீதபேதியில் சாகடித்த பாடம்: ‘ஒரெகன் டிரெயில்’ பிறந்த கதை

1971-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற இளைஞருக்கு ஒரு சிக்கல். கார்ல்டன் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டே, ஆசிரியப் பயிற்சிக்காக ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்து நடத்த வேண்டிய பாடம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் கூண்டு வண்டி கட்டி மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த கதை. ஆண்டுகளையும் ஒப்பந்தங்களையும் ஒப்பித்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். எனவே ஒரு பெரிய தாளில் வரைபடம் தீட்டினார். மிசௌரியில் தொடங்கி ஒரெகனில் முடியும் பாதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். தாயம் உருட்டி, சீட்டு எடுத்து, சீட்டில் வரும் விபத்தைத் தாண்டி நகர வேண்டும். கிட்டத்தட்ட நம் பரமபதம்தான். ஏணிகள் குறைவு, பாம்புகள் அதிகம்.

அவரோடு தங்கியிருந்த பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணித ஆசிரியப் பயிற்சியில் இருந்தவர்கள். தரையில் விரித்துக் கிடந்த வரைபடத்தைப் பார்த்ததுமே, இதைக் கணினியில் செய்யலாமே என்றார் ஹைனமன். தாயம் உருட்டுகிற வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். உணவுக் கணக்கு, பணக் கணக்கு, தூரக் கணக்கு எல்லாவற்றையும் அதுவே வைத்துக்கொள்ளும். ராவிட்சுக்கு நிரல் எழுதத் தெரியாது. கையில் இருந்த அவகாசமோ இரண்டு வாரத்துக்கும் குறைவு. நண்பர்கள் இருவரும் ‘பேசிக்’ மொழியில் நிரலை எழுத, என்னென்ன நடக்க வேண்டும் என்பதை அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தக் காலத்துப் பள்ளிக் கணினிக்குத் திரை கிடையாது. பள்ளியில் இருந்தது டெலிடைப் என்ற தட்டச்சுக் கருவி மட்டுமே. தொலைபேசிக் கம்பி வழியாக அது வேறெங்கோ இருந்த கணினியோடு பேசும். கேள்வி தாளில் அச்சாகி வரும். பதிலைத் தட்டினால், அடுத்த சேதி தடதடவென்று தாளில் வந்து விழும். டிசம்பர் 3-ம் தேதி அந்தக் கருவியை வகுப்புக்குள் உருட்டிக்கொண்டு வந்தார் ராவிட்ச்.

ஆட்டம் 1847 மார்ச் 29 அன்று தொடங்கும். உங்கள் சேமிப்பு 900 டாலர். அதில் 200 வண்டிக்கே போய்விட்டது. மிச்சமுள்ள 700 டாலரை எருதுகள், உணவு, தோட்டா, துணிமணி, மருந்து என்று நீங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். 2,040 மைல் போயாக வேண்டும். எருதுக்குக் கஞ்சத்தனம் செய்தால் வண்டி ஊரும். துணிக்குக் கஞ்சத்தனம் செய்தால் மலையில் குளிர் கொல்லும். வேட்டையாட வேண்டுமென்றால் ‘பேங்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிசகாமல் சட்டென்று தட்ட வேண்டும்; தாமதித்தால் மான் ஓடிவிடும். பிள்ளைகள் தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வேகமாகத் தட்டச்சு செய்கிறவர் வேட்டைக்காரர். கணக்கில் புலி கஜானாக்காரர். இன்னொருவர் கையில் வரைபடம். பள்ளி திறப்பதற்கு முன்பே வந்து வரிசை கட்டினார்கள்.

அந்த வரிசையில் நின்ற பெரும்பாலோர் ஒரெகன் போய்ச் சேரவில்லை. வழியிலேயே செத்துப்போனார்கள். இறந்ததும் கணினி மரியாதையாகக் கேட்கும்: பாதிரியார் வேண்டுமா? ஆடம்பரமான சவ அடக்கம் வேண்டுமா? உறவினர்களுக்குத் தகவல் சொல்லலாமா? பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

நிஜமான பாதையில் மறுபடி தொடங்க வழியில்லை. 1843-ல் ஏறத்தாழ 1,000 பேர் ஒரே கூட்டமாக ஒரெகன் புறப்பட்டதிலிருந்து, 1869-ல் ரயில் பாதை கண்டத்தின் இரு கரைகளையும் இணைக்கும் வரை, லட்சக்கணக்கானோர் இப்படி மேற்கே போனார்கள். சிலருக்கு ஒரெகனின் நிலம், சிலருக்குக் கலிபோர்னியாவின் தங்கம், மோர்மன் சமயத்தாருக்கு யூட்டா. சுமார் 3,200 கிலோமீட்டரைக் கடக்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். வண்டிக்குள் ஒரு டன் மாவும் பன்றி இறைச்சியும் தட்டுமுட்டுச் சாமானும் அடைந்திருக்கும். வில் இல்லாத அந்த வண்டியில் உட்கார்ந்தால் இடுப்பு ஒடியும் என்பதால், பெரும்பாலோர் பக்கத்திலேயே நடந்துதான் போனார்கள்.

நாள் பார்த்துக் கிளம்புவதில்தான் உயிரே இருந்தது. சமவெளியில் புல் முளைக்கும் முன் கிளம்பினால் எருதுகள் பட்டினி. தாமதமாகக் கிளம்பினால் மேற்கு மலைகளில் பனி விழுந்து கணவாய் அடைபடும். வயோமிங்கில் உள்ள ஒரு கருங்கல் பாறையை ஜூலை 4-க்குள், அதாவது அமெரிக்கச் சுதந்திர நாளுக்குள், எட்டிவிட வேண்டும் என்பது வழிப்போக்கர்களின் கணக்கு. அந்தப் பாறைக்குச் சுதந்திரப் பாறை என்றே பெயர்.

ஹாலிவுட் படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதையின் ஆபத்து என்றதும் அம்புதான் ஞாபகம் வரும். வண்டிகள் வட்டமாக நிற்கும், குதிரையில் பழங்குடியினர் சுற்றிச் சுற்றி வந்து தாக்குவார்கள். உண்மையில் அந்த வட்டம் பெரும்பாலும் மாடுகள் இரவில் ஓடிவிடாமல் இருக்கப் போட்ட பட்டி. ஜான் அன்ரூ என்ற வரலாற்றாசிரியர் எடுத்த கணக்குப்படி, 1840 முதல் 1860 வரை இந்தப் பாதைகளில் பழங்குடியினர் கையால் இறந்த பயணிகள் 362 பேர். பயணிகள் கையால் இறந்த பழங்குடியினர் 426 பேர். பாதையில் இறந்தவர்களின் மொத்தத் தொகையோ, குறைந்த மதிப்பீட்டின்படி பார்த்தாலும், சுமார் 10,000.

அப்படியானால் மற்றவர்களைக் கொன்றது எது? முதலில் தண்ணீர். 1849 முதல் 1852 வரை வாந்திபேதி அந்தப் பாதையைச் சூறையாடியது. கங்கைச் சமவெளியிலிருந்து உலகெங்கும் பரவிய காலரா, கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் வந்து, மிசிசிப்பி நீராவிப் படகுகளில் ஏறி, பயணிகள் கூடும் மிசௌரி ஊர்களுக்கே வந்துவிட்டது. பிளாட் ஆற்றங்கரையில் நேற்று ஒரு கூட்டம் கூடாரம் போட்டு, மலம் கழித்து, குளித்துவிட்டுப் போன இடத்திலேயே இன்று அடுத்த கூட்டம் வந்து ஊற்றுத் தோண்டிக் குடித்தது. காலையில் வண்டிமாடு பூட்டியவர் மாலையில் பிணம். தண்ணீரில்தான் நோய் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அபின் கலந்த சாராய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த சுத்தமான நீர் அவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கும்.

புதைக்கவும் நேரமில்லை. ஓநாய் தோண்டிவிடாமல் இருக்க வண்டித் தடத்தின் நடுவிலேயே குழி வெட்டி, மேலே வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கிவிட்டுப் போனார்கள். எந்த இடம் என்று அடையாளம்கூட வைக்கவில்லை.

அடுத்த எமன் ஆறு. பாலம் இல்லாத ஆறுகளில் வண்டியை இறக்கும்போது மாடு மிரண்டால் குடும்பமே போகும். அதற்கடுத்தது சொந்தத் துப்பாக்கி. அம்புக்குப் பயந்து குண்டு நிரப்பி வண்டியில் வைத்த துப்பாக்கி, குலுக்கலில் தானே வெடித்து எத்தனையோ பேரைக் கொன்றது. அப்புறம் வண்டிச் சக்கரம். ஓடும் வண்டியில் ஏறி இறங்கி விளையாடிய குழந்தைகள் அதன் கீழே விழுந்தார்கள்.

1844-ல் மிசௌரியிலிருந்து புறப்பட்ட சேகர் குடும்பத்துக்கு இவற்றில் பல ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. தாய் நயோமிக்கு வழியிலேயே ஏழாவது பிரசவம். வண்டியிலிருந்து குதித்த சிறுமி கேத்தரினின் பாவாடை கோடரிப் பிடியில் சிக்க, சக்கரம் அவள் காலில் ஏறி எலும்பு நொறுங்கியது. சில வாரங்களில் தந்தை ஹென்றி காய்ச்சலில் இறந்தார். அடுத்து நயோமியும் போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையோடு சேர்த்து ஏழு அநாதைகளையும் கூட வந்தவர்கள்தான் தூக்கிச் சுமந்து கொண்டுபோய், மருத்துவரும் சமயப் பணியாளருமான மார்கஸ் விட்மனின் நிலையத்தில் சேர்த்தார்கள்.

குறுக்குவழி என்பது இன்னொரு பொறி. 1846-ல் டோனர், ரீட் குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்தவர்களுமாக 87 பேர் கலிபோர்னியா போனார்கள். லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்பவர் சொன்ன குறுக்குவழியில் திரும்பினார்கள். காட்டை வெட்டி வழி உண்டாக்கி, உப்புப் பாலைவனத்தில் மாடுகளைப் பறிகொடுத்து, சியரா நெவாடா மலையடிக்கு வந்தபோது அக்டோபர் முடிந்துகொண்டிருந்தது, பனி முந்திக்கொண்டது. மாட்டுத் தோலைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். கடைசியில் இறந்தவர்களின் உடலையே சிலர் தின்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் பிழைத்தார்கள். அவர்களில் ஒருத்தியான வர்ஜீனியா ரீட் என்ற சிறுமி, ஊரில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினாள். குறுக்குவழியில் போகாதே, முடிந்தவரை வேகமாக வந்து சேர் என்பதுதான் அவள் சொன்ன அறிவுரை.

இனி விளையாட்டுக்கு வருவோம். பயிற்சிக் காலம் முடிந்ததும் நிரலைத் தாளில் அச்செடுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, கணினியிலிருந்து அழித்துவிட்டார் ராவிட்ச். 1974-ல் மினசோட்டா மாநில அரசின் கல்விக் கணினி அமைப்பான ‘மெக்’கில் அவருக்கு வேலை கிடைத்தது. மாநிலப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு கணினி அங்கே இருந்தது. நன்றி நவிலல் நாள் விடுமுறையில் உட்கார்ந்து, பழைய தாளைப் பார்த்து நூற்றுக்கணக்கான வரிகளை அவரே மறுபடி தட்டினார்.

பிறகு அவர் செய்த வேலைதான் இந்த விளையாட்டை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்தது. பாதையில் போனவர்கள் எழுதிய நாட்குறிப்புகளை எடுத்துப் படித்தார். மோசமான வானிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அச்சு எப்போது முறிகிறது, நோய் எந்தப் பகுதியில் அதிகம் என்று கணக்கெடுத்தார். முதல் வடிவத்தில் ஊகமாக வைத்திருந்த எண்களை அதற்கேற்ப மாற்றினார். சமவெளியில் ஆலங்கட்டி மழை, மலையில் கடுங்குளிர் என்று இடத்துக்குத் தக்கபடி ஆபத்து மாறியது. எருதின் கால் அடிபடும், மகள் கை முறியும், மகன் காணாமல் போவான், குடித்த நீர் சேராது. உணவு இருக்கும் இடத்தைப் பழங்குடியினர் காட்டிக் கொடுப்பதும் ஒரு நிகழ்வாக அதில் இருந்தது. நாட்குறிப்புகளில் அப்படித்தான் இருந்தது.

நிரல் 1978-ல் ஒரு கணினி இதழில் முழுதாக அச்சானது. 1985-ல் பிலிப் பூஷார்டு தலைமையில் ஆப்பிள் கணினிக்காகப் படங்களோடு புதிதாக உருவாக்கப்பட்ட வடிவம்தான் அமெரிக்கப் பள்ளிகளை ஆட்டிப்படைத்தது. அதில் வங்கிக்காரராகப் போனால் கையில் 1,600 டாலர், தச்சருக்கு 800, விவசாயிக்கு 400. எந்த மாதம் கிளம்புவது, எவ்வளவு வேகம், எவ்வளவு சாப்பாடு, ஆற்றில் இறங்குவதா காத்திருப்பதா என்று எல்லாம் உங்கள் பொறுப்பு. வண்டியில் வரும் ஐந்து பேருக்கும் நீங்களே பெயர் வைக்க வேண்டும். பிள்ளைகள் நண்பர்களின் பெயரை வைத்தார்கள். அந்த நண்பர் சீதபேதியில் செத்தால் வகுப்பே சிரித்தது. சீதபேதியில் இறந்துவிட்டீர்கள் என்ற வாசகம் டி-ஷர்ட்டில் ஏறும் அளவுக்கு ஒரு தலைமுறையின் நகைச்சுவையானது. இறந்தவரின் கல்லறை வாசகத்தை வட்டு சேமித்துவைக்கும். அடுத்து விளையாடுகிறவர் அதே இடத்தைக் கடக்கும்போது அந்தக் கல்லறை அவர் எதிரே வரும். கோடிக்கணக்கில் விற்ற விளையாட்டு 2016-ல் உலக வீடியோ கேம் புகழரங்கத்தில் இடம்பெற்றது. அதை உருவாக்கிய மூவருக்கும் ராயல்டியாக ஒரு காசும் கிடைக்கவில்லை.

இந்த விளையாட்டில் ஒரு பெரிய குறையும் உண்டு. எல்லாமே வண்டிக்குள் இருந்து பார்த்தது. வண்டிகள் கடந்துபோன நிலம் யாருடையது, அங்கிருந்த புல்லும் காட்டெருமையும் குறைந்தபோது யார் பட்டினி கிடந்தார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. சேகர் குழந்தைகள் சேர்ந்த விட்மன் நிலையத்திலேயே இதன் விடை இருந்தது. 1847-ல் பயணிகளோடு வந்த தட்டம்மை, கையூஸ் பழங்குடி மக்களை, அதிலும் குழந்தைகளை, கொத்துக் கொத்தாகக் கொன்றது. வெள்ளைக்காரக் குழந்தைகள் பிழைக்க, தங்கள் குழந்தைகள் மட்டும் சாவதைப் பார்த்தவர்கள், மருத்துவர் நஞ்சு வைக்கிறார் என்று நம்பினார்கள். நவம்பர் 29-ல் விட்மன் தம்பதியைக் கொன்றார்கள். அந்தத் தாக்குதலில் சேகர் வீட்டு மூத்த பையன்கள் இருவரும் மாண்டார்கள். அதற்காகக் கையூஸ் ஆண்கள் ஐவர் 1850-ல் தூக்கிலிடப்பட்டார்கள். 2021-ல் வந்த புதிய வடிவம்தான் பழங்குடி வரலாற்றறிஞர்களின் ஆலோசனையோடு, பழங்குடி மக்களையும் கதையின் நாயகர்களாக்கி வெளிவந்தது.

அந்தக் குறையோடும் நான் இந்த விளையாட்டின் பக்கம்தான். சினிமா அரை நூற்றாண்டாக அம்பையும் வீரத்தையும் காட்டிய இடத்தில், அசுத்தமான தண்ணீரும் அவசரமும் அறியாமையும்தான் அதிகம் பேரைக் கொன்றன என்ற உண்மையை ஒரு பயிற்சி ஆசிரியரின் இரண்டு வார வேலை பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டது. 1990-ல் வெளிவந்த வடிவம் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் விளையாடக் கொடுங்கள். தோற்றதும் கூட உட்கார்ந்து, அந்த நிலத்தில் முன்பே இருந்தவர்களின் கதையையும் சொல்லிக்கொடுங்கள்.