கனவு கண்டவள் பெயர்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், செபு ஏரியைச் சுற்றி வாழும் டிபோலி பெண்கள் அபாக்கா என்னும் வாழையின நாரில் ‘டினாலக்’ துணி நெய்கிறார்கள். கறுப்புச் சாயம் இலையிலிருந்து, சிவப்பு வேரிலிருந்து. ஒரு துணி முடிய மாதக்கணக்காகும். வரைபடம் கிடையாது, அபாக்காவின் ஆவியான ஃபூ டாலு கனவில் கோலம் தருவதாக நம்பிக்கை.

12 வயதில் தாயிடம் நெசவு கற்றவர் லாங் டுலாய். 1998இல் அரசு அவருக்கு ‘நாட்டின் படைப்பாளி’ என்ற விருதளித்தது. 2015இல் மறைந்தார்.

நெய்பவளே படைப்பாளி என்று அரசு ஒப்புக்கொண்டது. ஆடைச் சந்தை இன்னும் ஒப்பவில்லை. சூழலுக்கு உகந்த உடை என்று விற்கும்போது வடிவமைப்பாளருக்குப் பெயர் இருக்கிறது. நெய்தவள் வெறும் ‘பழங்குடிப் பெண்’. அவள் பெயரும் கூலியும் தெரியாத துணியில் எந்த நியாயம் நிலைக்கும்?