செக்கும் சிவஞானபோதமும்

கொற்கைத் துறை தூர்ந்தபின் முத்துக்குளிப்பின் புகழ் தூத்துக்குடிக்கு உரியதாயிற்று. அக்கரையிலே வழக்கறிஞராய் விளங்கியவர் ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு தோன்றிய உயர்திரு வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். அவர்தம் கப்பற் கதை யாவரும் அறிந்ததாகலின் அதனைச் சுருங்கக் கூறி, பலர் கருதாது விடும் பகுதியை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பங்கொன்றுக்கு 25 ரூபாயாகப் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்துடன் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பெற்றுக் கொழும்புக்கு ஓடின. 1908 மார்ச்சு மாதம் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார்கள். ஜூலையிற் பின்ஹே துரை இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அது மேன்முறையீட்டிற் குறைக்கப்பட்டது. தீர்ப்புச் செய்தி கேட்ட இளவல் மீனாட்சிசுந்தரம் சித்தம் பிறழ்ந்தார்.

கோயமுத்தூர்ச் சிறையில் எருது இழுத்தற்குரிய செக்கினை அவர்கள் இழுத்தார்கள். அதனினும் கொடிது ஒன்று உண்டு. எக்கப்பலின் பொருட்டு இத்துன்பமெல்லாம் ஏற்றார்களோ, அக்கப்பற் கம்பெனி அவர்கள் சிறையில் இருக்கும்பொழுதே, 1911இல் கலைக்கப்பட்டது. கம்பெனியே அவர்களுக்குப் பற்றுக்கோடாயின், அஃது அழிந்தவழி அவர்களும் அழிந்திருத்தல் வேண்டுமன்றோ? அங்ஙனம் ஆகவில்லை. காரணம் என்னை?

திருநாவுக்கரசு சுவாமிகளை நீற்றறையில் இட்டனர். கல்லொடு பிணித்துக் கடலில் வீழ்த்தினர். அடிகள் தம்மைத் தமக்குரியராகக் கொண்டிலர், ஆகலின் தளர்ந்திலர். சமயகுரவரொடு பிள்ளையவர்களை ஒப்பிடுகின்றேமல்லேம்; அஃது அபசாரம். துன்பத்தைப் பொறுக்கும் வலி, தன்னின் மேலான ஒன்றற்குத் தன்னை ஒப்புவித்தலினின்று பிறக்கும் என்னும் அளவே இங்குக் கொள்ளற்பாலது.

பிள்ளையவர்களின் சிறைவாழ்க்கை இதற்குச் சான்று. செக்கிழுத்த கோயமுத்தூரிலேயே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் நூலை "மனம் போல வாழ்வு" எனத் தமிழாக்கினார்கள். பின்னர்க் கண்ணனூர்ச் சிறையில், உடனிருந்தார்க்கு அறம் உரைத்ததன் பயனாக "மெய்யறிவு" எழுந்தது. "மெய்யறம்" என்பதும் ஆங்கே இயற்றியதே. கைகள் பிறர் ஏவலிற் பட்டுழியும் உள்ளம் தன் பணியை விட்டிலது.

1912 டிசம்பர் 24இல் வெளிப்போந்த பின்னர் வறுமையே வரவேற்றது. சென்னையிற் சிறு வாணிகமும் செய்து பார்த்தார்கள். அந்நாட்களிலேயே, 1917இல், திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார்கள். இழந்த வழக்கறிஞர் உரிமையை மீள்வித்தவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி; அந்நன்றி மறவாமல் தம் மைந்தனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்கள். ஆங்கில ஆட்சியைக் கடலிலே எதிர்த்தவர் செய்த செயல் இது! பகைமை அவர்களுடைய நோக்கமன்று என்பதற்கு வேறு கரி வேண்டா.

இளமையில் வேதாந்தம் பயின்ற அவர்கள் முதுமையில் மெய்கண்ட தேவரின் சிவஞானபோதத்துக்கு உரை வரைந்தார்கள். மாதவச் சிவஞான யோகிகளின் மாபாடியத்தொடு வைத்து நோக்குங்கால், சித்தாந்திகள் அவ்வுரையின் சிலவிடங்களில் மாறுபடுவர், யாமும் மாறுபடுவேம். எனினும் பன்னிரண்டு சூத்திரங்களையும் செக்கடியிற் பதம்பட்ட ஒரு நெஞ்சம் ஓதியதென எண்ணுங்கால், குறை கூற நா எழுகின்றிலது. அவ்வுரை 1935இல் தூத்துக்குடியில் வெளிவந்தது. மறுவருடம் நவம்பர் 18ஆம் நாள் அவ்வூரிலேயே பிள்ளையவர்கள் உடல் நீத்தார்கள்.